தெருவோர மரம்: குழி வெட்டுவதற்கு முன்னும் பின்னும்

மரம் நட ஆள் சேர்ப்பது சுலபம். ஆனால் மண் யாருடையது, மாசி பங்குனியில் தண்ணீர் ஊற்றுவது யார் என்று எழுத்தில் முடிவாகாமல் மண்வெட்டியை எடுக்காதீர்கள். கன்றுகள் சாவது பெரும்பாலும் இந்த இரண்டில் தவறுவதால்தான்.

நாகர்கோவில் மாநகராட்சித் தெரு என்றால் வார்டு கவுன்சிலர் வழியாக ஆணையருக்கு மனு கொடுங்கள். பெரிய ரோட்டோரம் நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கலாம். குளத்தங்கரை நீர்வளத் துறைக்கோ உள்ளாட்சிக்கோ சேர்ந்தது. கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டால் தெரிந்துவிடும். ஊராட்சி என்றால் கிராம சபையில் தீர்மானம் போடச் சொல்லுங்கள். எந்தக் கன்றுக்கு எந்த வீடு பொறுப்பு என்ற பட்டியலையும் மனுவோடு இணையுங்கள். பூங்கா போன்ற பெரிய வேலைக்கு நமக்கு நாமே திட்டம் உண்டு. செலவில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு மக்கள் தர வேண்டும்.

கடலோரத்துக்குப் புன்னை, பூவரசு. குளத்தங்கரைக்கு நீர்மருது, பனை. தெருவுக்கு வேம்பு, புங்கு. மின்கம்பிக்கு நேர் கீழே இவை எதுவும் வேண்டாம், மந்தாரை போதும். சீக்கிரம் வளருகிறதே என்று குல்மோகர் வைக்காதீர்கள், காற்றில் கொப்பு முறியும். 2017 ஒக்கிப் புயலில் மரங்கள் சாய்ந்து கிடந்ததைக் குமரி மாவட்டம் மறக்காது.

ஜூன் தொடக்கத்தில் நட்டால் இரண்டு பருவமழையும் கிடைக்கும். கன்று ஐந்தடி உயரமாவது இருக்கட்டும். குட்டையானதை ஆடு விடாது. குழி நீளம், அகலம், ஆழம் மூன்றும் 2 அடி. மேல்மண்ணைத் தனியே வைத்து, அதில் மூன்றில் ஒரு பங்கு மக்கிய சாணம் கலந்து நிரப்புங்கள். பச்சைச் சாணம் வேரைச் சுடும், கரையானையும் வரவழைக்கும். கவரைக் கிழித்ததும் வேரைப் பாருங்கள். அடியில் வளையமாகச் சுற்றியிருந்தால் அந்தச் சுருளைக் கத்தியால் வெட்டிவிட வேண்டும். அப்படியே புதைத்த மரம் வளர்ந்தபின் காற்றில் வேரோடு சாயும்.

ஆரல்வாய்மொழிப் பக்கம் தென்மேற்குப் பருவத்தில் மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வீசும் காற்று, பலம். முட்டுக்கம்பைக் கன்றுக்கு மேற்கே ஊன்றி, பழைய சைக்கிள் ட்யூபை எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். கிழக்கே ஊன்றினால் தண்டு கம்பில் உரசிப் பட்டை போய்விடும்.

கன்றின் மூட்டை, அதாவது அடிப்பாகத்தைச் சுற்றிக் கதம்பையை (தேங்காய் உரிமட்டையை) கவிழ்த்து அடுக்கினால் ஈரம் நிற்கும்; தண்டில் மட்டும் படக்கூடாது. ஜனவரி முதல் மே வரை வாரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் ஒரு குடம் தண்ணீர். இரண்டு கோடை இப்படிக் கடக்க வேண்டும். மூட்டில் குப்பை எரிக்க யாரையும் விடாதீர்கள். ரோடு போட வரும்போது ஒப்பந்தக்காரரிடம் முன்கூட்டியே பேசி, மூட்டைச் சுற்றி மூன்றடி மண் விடச் சொல்லுங்கள்.