கியர் பாக்ஸை இறக்கும் முன் கிளட்ச்சை மிதித்துப் பாருங்கள்

ஆத்தங்குடிக் கல் ஏற்றிக்கொண்டு காரைக்குடி வருவதற்குள் வண்டி கரகரவென்று கத்தினால், "பாக்ஸ் போச்சுண்ணே" என்பார்கள். நானும் ஒருமுறை அதை நம்பி கியர் பாக்ஸை இறக்கச் சொன்னேன். உள்ளே ஒரு பழுதும் இல்லை. கிளட்ச் டப்பாவில் ஆயில் குறைந்திருந்தது, அவ்வளவுதான். இறக்கி ஏற்றிய கூலி தண்டம்.

முதலில் சரக்கை இறக்கிவிட்டு, சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். என்ஜின் ஓடும்போது யாரும் அடியில் படுக்க வேண்டாம்.

நியூட்ரலில் என்ஜினை ஓடவிட்டு, கிளட்ச்சிலிருந்து காலை எடுத்துக் காது கொடுங்கள். பிறகு மெதுவாக மிதியுங்கள். மிதித்ததும் சத்தம் அடங்கினால், பாக்ஸின் முன்பக்க பேரிங் அல்லது கவுண்டர் ஷாஃப்ட் (பாக்ஸுக்குள் இருக்கும் துணைத் தண்டு) பேரிங்கைச் சந்தேகப்படலாம். கிளட்ச்சை விட்டிருக்கும்போதுதான் அந்த ஷாஃப்ட்டுகள் என்ஜினோடு சுற்றும். மாறாக, மிதித்தால்தான் சத்தம் என்றால், பெடலை மிதிக்கும்போது கிளட்ச்சைத் தள்ளிவிடும் ரிலீஸ் பேரிங். சில வண்டிகளில் ஃப்ளைவீலில் இருக்கும் பைலட் பேரிங்கும் இப்படிக் கத்தும். பெடல் மேலேயே காலை வைத்து ஓட்டுகிறவர்களுக்கு ரிலீஸ் பேரிங் சீக்கிரம் தேய்வதில் ஆச்சரியமில்லை.

கியர் விழும்போது மட்டும் கடிக்கிறதா? கிளட்ச்சை முழுக்க மிதித்து, ஐந்து எண்ணிவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். பல வண்டிகளில் ரிவர்ஸுக்கு சின்க்ரோ (கடிக்காமல் கியர் விழ, சுற்றும் வேகத்தை ஒன்றாக்கும் வளையம்) கிடையாது. எண்ணி முடிப்பதற்குள் ஷாஃப்ட் நின்றிருக்க வேண்டும். அப்போதும் 'கர்ர்' என்றால் கிளட்ச் முழுதாக விடவில்லை. ஆயில் கசிவு, லைனில் காற்று, கேபிள் என்றால் அதன் தளர்ச்சி, இவற்றைப் பாருங்கள். என் வண்டி மாட்டியது இங்கேதான். இரண்டாம் கியர் மட்டும் கடித்து மற்றவை சுத்தமாக விழுந்தால் அது சின்க்ரோ ரிங். டபுள் கிளட்ச் போட்டு, அதாவது நடுவில் நியூட்ரலில் கிளட்ச்சை ஒருமுறை விட்டு மறுபடி மிதித்து, மாற்றும்போது கடிக்காவிட்டால் சந்தேகம் உறுதி.

ஓட்டத்தில் வரும் சத்தத்துக்கு, ஆள் நடமாட்டமில்லாத நேரான சாலையில் ஒரு நிமிஷம் நியூட்ரலுக்கு வாருங்கள். இறக்கத்தில் இதைச் செய்யக் கூடாது. வண்டி வேகத்தோடு சத்தமும் தொடர்ந்தால் பாக்ஸிலிருந்து பின்னால் போகும் ஷாஃப்ட்டின் சென்டர் பேரிங், ஜாயிண்ட், பின் அச்சில் இருக்கும் கிரவுன் பல்சக்கரம், வீல் பேரிங் ஆகியவற்றையும் பார்க்காமல் பாக்ஸில் கை வைக்காதீர்கள்.

கடைசியில் ஆயில். பல பாக்ஸ்களில், பக்கவாட்டு பிளக்கைத் திறந்தால் ஓட்டையின் விளிம்புவரை ஆயில் நிற்க வேண்டும். வடிக்கும் பிளக்கில் காந்தம் இருந்தால் துடைத்துப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை சாதாரணத் தேய்மானம். காந்தத்தில் ஒட்டாமல் ஆயிலில் மஞ்சளாக மினுமினுத்தால், பித்தளை சின்க்ரோ கரைகிறது. புது ஆயில் ஊற்றும்போது வண்டிக் கையேட்டில் சொன்ன ரகத்தையே வாங்குங்கள். ஜிஎல்-4, ஜிஎல்-5 என்பவை கியர் ஆயில் ரகங்கள்; ஜிஎல்-4 கேட்கும் பாக்ஸில் ஊற்றிய சில ஜிஎல்-5 ஆயில்கள் பித்தளையை அரிக்கும். இரும்புச் செதிலோ உடைந்த பல்லோ வந்தால், அடுத்த லோடுக்கு வேறு வண்டி சொல்லிவிடுங்கள்.