தம் இருந்தால் உடம்பு வலிக்காதா?

கபடியில் ஒரு ரெய்டுக்கு 30 விநாடிதான். பாடிப்போனவர் மூச்சிரைக்கத் திரும்புவார். எதிரணி ஒருமுறை வந்து போனதும் அவரையே மறுபடி அனுப்புவார்கள். அந்தச் சின்ன இடைவெளியில் அவரைத் தேற்றிவிடுவது தம், அதாவது மூச்சு வாங்காமல் தாக்குப்பிடிக்கும் திறன். பாய்வதற்கும் உதறுவதற்கும் செலவாகும் கிரியேட்டின் பாஸ்பேட் என்ற தசையின் உடனடி எரிபொருள் சில விநாடிகளிலேயே வற்றிவிடும். அதைத் திரும்ப நிரப்ப ஆக்சிஜன் வேண்டும். சுமார் அரை நிமிடத்தில் பாதி நிரம்பும். ஏறக்குறைய முழுதும் நிரம்ப 3 முதல் 5 நிமிடம். தொடர்ந்து ஓடிப் பழகிய தசையில் நுண்ணிய இரத்தக் குழாய்களும், ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் கூடுதலாக இருப்பதால் இது சீக்கிரம் நடக்கும்.

ஜிம்மில் செட்டுக்கும் செட்டுக்கும் இடையிலும் இதே கதைதான். ஆனாலும் 'கார்டியோ (ஓட்டம், சைக்கிள் போன்றவை) செய்தால் உடம்பு கரைந்துவிடும்' என்று அதை அடியோடு விடுபவர்கள் நிறைய. இந்தப் பயத்துக்கு ஒரு பழைய வேர் உண்டு. 1980இல் ராபர்ட் ஹிக்சன் என்ற ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வில், எடைப் பயிற்சி, கார்டியோ இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களின் கால் பலம் 7 வாரம் ஏறி, கடைசியில் சரிந்தது. சரி, அவர்கள் செய்தது எவ்வளவு? வாரத்தில் 5 நாள் எடை, 6 நாள் கடுமையான ஓட்டமும் சைக்கிளும்! வாரம் மூன்று நாள் அரைமணி ஓடுகிறவர் இதை நினைத்து நடுங்க வேண்டியதில்லை.

இதற்கு நேர் எதிரான தவறை நானே செய்திருக்கிறேன். 10 கிலோமீட்டர் சளைக்காமல் ஓடிய காலத்தில், ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுவது) நமக்கு என்ன பெரிசு என்று முதல் நாளே எடையை அள்ளிப் போட்டேன். இரண்டு நாள் கழித்து மாடிப்படி இறங்கக் கைப்பிடி தேவைப்பட்டது. தம் வேறு, இந்த வலி வேறு. பாரத்தைத் தாங்கியபடி தசை நீளும்போது அதன் இழைகளில் ஏற்படும் நுண்சேதத்திலிருந்து தொடங்குவது இது. 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். பழனி மலை ஏறும்போது மூச்சு வாங்கும். மறுநாள் தொடை வலிப்பதோ பெரும்பாலும் இறங்கியதால். இதற்கு முன்காப்பு, அதே பயிற்சியைக் கொஞ்சமாகச் செய்து பழகுவதுதான். ஒருமுறை பழகினால் அந்தப் பலன் சில வாரங்களாவது நிற்கும்.

மறுநாள் வலிக்கு லாக்டிக் அமிலத்தைத் திட்டுவதும் வீண். உடம்பில் அது இருக்கும் வடிவமான லாக்டேட், பயிற்சி முடிந்து சுமார் ஒரு மணி நேரத்தில் பழைய அளவுக்கு வந்துவிடும். இதயமே அதை எரிபொருளாக எடுத்துக்கொள்கிறது. கடும் பயிற்சி முடிந்ததும் மெதுவாக நடந்தால் இன்னும் வேகமாகக் குறையும், உண்மைதான். ஆனால் நாளைய வலியும் குறைந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அப்புறம், ஓய்வுக்காக மெதுவாக ஓடும் நாளிலும் வாட்சைப் பார்த்து வேகம் கூட்டும் பழக்கமும் தவறு. பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடியவில்லை என்றால் அது ஓய்வு ஓட்டம் இல்லை.

ஒன்றை மட்டும் சாதாரண வலி என்று விட்டுவிடக் கூடாது. கடும் பயிற்சிக்குப் பின் சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் போனால், தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கத் தொடங்கியிருக்கலாம். எவ்வளவு தம் உள்ளவராக இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.