டிரைபாடும் பால் ஹெட்டும் வாங்கும்போது எங்கே தவறுகிறோம்

டிரைபாட் வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் ஒரு எண்ணைத்தான். 8 கிலோ தாங்கும், 15 கிலோ தாங்கும் என்று போட்டிருப்பார்கள். நம் கேமராவும் லென்ஸும் சேர்ந்தால்கூட 2 கிலோ வராது, அப்புறம் என்ன, தாராளமாகப் போதும் என்று எடுத்துவிடுகிறோம். என் முதல் டிரைபாடை நான் வாங்கியதும் இப்படித்தான். மடக்கினால் பைக்குள் அடங்கிவிடும், ஒவ்வொரு காலிலும் ஐந்து அடுக்கு, பெட்டியில் 8 கிலோ. விடியும் முன்பே ஒரு குன்றில் ஏறி, லேசான காற்றில், 200 மி.மீ. லென்ஸில் எதிரே இருந்த மலைத்தொடரை நிறைய எடுத்துக்கொண்டு வந்தேன். கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு படம்கூடத் தெளிவாக இல்லை. ஃபோகஸ் சரியாக இருந்தது, ஆடியது டிரைபாடுதான். அந்த வெளிச்சம் மறுபடி கிடைக்கவேயில்லை. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அந்தக் கிலோ கணக்கை எப்படி அளக்க வேண்டும் என்று எல்லா நிறுவனங்களும் ஒப்புக்கொண்ட விதி எதுவும் கிடையாது. ஒருவர் கால் வழுக்கி இறங்காத எடையைச் சொல்வார், இன்னொருவர் பால் ஹெட்டின், அதாவது கால்களுக்கு மேலே கேமராவை ஒரு பந்தின் மீது வேண்டிய பக்கம் திருப்பி இறுக்கும் பகுதியின், பந்து சறுக்காத எடையைச் சொல்வார், மூன்றாமவர் பாதுகாப்புக்கு இடம் விட்டு மிகக் குறைவாகச் சொல்வார். ஆகவே ஒரு நிறுவனத்தின் 10 கிலோவை இன்னொரு நிறுவனத்தின் 10 கிலோவோடு ஒப்பிடுவதில் பொருளே இல்லை. அதைவிட முக்கியமான விஷயம், கேமராவின் எடையால் டிரைபாட் உடைந்து விழுந்தது என்று நாம் யாரும் கவலைப்படுவதில்லை. காற்று தொட்டால் எவ்வளவு திரும்புகிறது, திரும்பியது எவ்வளவு சீக்கிரம் நிற்கிறது, இந்த இரண்டும்தான் படத்தில் தெரியும். இரண்டையும் பெட்டியில் போட மாட்டார்கள்.

எவ்வளவு சின்ன அசைவு படத்தைக் கெடுக்கும் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். 24 மெகாபிக்சல் முழு ஃப்ரேம் சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் சுமார் 6 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 200 மி.மீ. லென்ஸ் மாட்டிய கேமரா ஒரு டிகிரியில் நூற்றில் ஒரு பங்கு திரும்பினால் போதும், சென்சாரில் விழும் பிம்பம் 35 மைக்ரான் நகர்ந்துவிடும், அதாவது கிட்டத்தட்ட 6 பிக்சல். அதே திருப்பம் 24 மி.மீ. லென்ஸில் ஒரு பிக்சலைக்கூடத் தாண்டாது. ஒருவர் அருமையான டிரைபாட் என்று பாராட்டும் அதே மாடலை இன்னொருவர் குப்பை என்று திட்டுவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள், மாட்டியிருந்த லென்ஸ்தான் வேறு. எனவே டிரைபாடைத் தேர்ந்தெடுக்கும்போது உங்களிடம் உள்ள மிக நீளமான, அதாவது மி.மீ. எண் மிக அதிகமான லென்ஸை, அல்லது அடுத்து வாங்கப் போகும் நீளமான லென்ஸை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கேமராவின் எடை அப்புறம்தான்.

சரி, பெட்டியின் எண்ணை நம்பக்கூடாது என்றால் எதைப் பார்ப்பது? காலின் குழாய் விட்டத்தைப் பாருங்கள், முக்கியமாகக் கடைசி அடுக்கின் விட்டத்தை. சுவரின் தடிமனும் பொருளும் ஒன்றாக இருந்தால், குழாய் வளையாமல் நிற்கும் உறுதி விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்து ஏறும். 22 மி.மீ. குழாயைவிட 28 மி.மீ. குழாய் ஏறக்குறைய 2 மடங்கு உறுதி. கையில் பிடித்துப் பார்த்தால் 6 மி.மீ. வித்தியாசம் பெரிதாகவே தெரியாது, படத்தில் தெரியும். ஒவ்வொரு அடுக்கும் அதற்கு மேலே உள்ள குழாய்க்குள் நுழைய வேண்டும் என்பதால் அடுக்கு கூடக் கூட அடிக்குழாய் மெலிந்துகொண்டே போகிறது. ஐந்து அடுக்குக் கால் மடக்கினால் குட்டியாகிவிடும் என்பது உண்மை, ஆனால் விரித்தால் அடியில் பேனா பருமனில் ஒரு குச்சி மிஞ்சும், மேலே உள்ள மொத்தமும் அதன்மேல்தான் நிற்கும். மூன்று அல்லது நான்கு அடுக்குதான் என் தேர்வு. கையில் இருப்பது ஐந்து அடுக்கு என்றால் பருத்த அடுக்குகளை முதலில் இழுங்கள், அந்தக் கடைசிக் குச்சியைத் தேவைப்பட்டால் மட்டும்.

உயரத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. விளம்பரத்தில் போடும் அதிகபட்ச உயரம் பெரும்பாலும் நடுத்தண்டையும் முழுக்க ஏற்றிய உயரம். நடுத்தண்டை ஏற்றிவிட்டால் மூன்று கால் மேல் ஒற்றைக்காலை நட்டு வைத்தது போலத்தான், கால்கள் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அந்த ஒற்றைத் தண்டு தனியாக ஆடும். ஆகவே தண்டை இறக்கி வைத்த உயரம் எவ்வளவு என்று தேடிப் படியுங்கள். அதோடு பால் ஹெட் ஒரு 10 செ.மீ., கேமராவின் அடியிலிருந்து வியூஃபைண்டர் வரை இன்னொரு 8 முதல் 10 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். உங்கள் கண் தரையிலிருந்து 155 செ.மீ. உயரத்தில் இருந்தால் கால்கள் மட்டும் 135 செ.மீ. வந்தாலே சமதரையில் குனிய வேண்டியதில்லை. சரிவான இடங்களில் எடுக்கிறவர்களுக்கு ஒரு கால் கீழே போவதால் இன்னும் கொஞ்சம் நீளம் வேண்டும். இன்னொரு பக்கம், திரை மடங்கித் திரும்பும் கேமரா வைத்திருப்பவர்கள் கண் உயரத்துக்காகவே பெரிய டிரைபாடைச் சுமக்கத் தேவையே இல்லை. கழுத்தளவு, மார்பளவு டிரைபாட் அதே எடையில் அதிக உறுதியாகக் கிடைக்கும். அப்புறம், தரையோடு ஒட்டிப் பூக்களையும் பூச்சிகளையும் எடுக்க ஆசை இருந்தால் கால்கள் எவ்வளவு அகலமாக விரியும், நடுத்தண்டு குறுக்கே நின்று தடுக்குமா, கழற்ற முடியுமா என்பதையும் வாங்கும் முன்பே பாருங்கள்.

கால்களுக்கே பணம் முழுவதையும் கொட்டிவிட்டு ஹெட் ஏதோ ஒன்று இருந்தால் போதும் என்று நினைப்பது அடுத்த பெரிய தவறு. இரண்டு ஸ்பிரிங்கை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் எப்படி இரண்டின் நெகிழ்வும் கூடுமோ அப்படித்தான் இதுவும். தரை, கால், ஹெட், கேமராவின் அடியில் திருகும் பிளேட், அதைக் கவ்வும் கிளாம்ப், கனமான லென்ஸைச் சுற்றிப் பிடிக்கும் காலர் வளையம் என்று வரிசையாக நிற்பவை எல்லாம் சேர்ந்துதான் ஆடுகின்றன, அவற்றில் மிக நெகிழ்வானது எதுவோ அதுவே படத்தின் தெளிவை முடிவு செய்கிறது. சமமான உறுதியுள்ள காலையும் ஹெட்டையும் சேர்த்தாலே மொத்த உறுதி பாதியாகிவிடும், இதில் ஹெட் இன்னும் சோப்ளாங்கியாக இருந்தால் நல்ல கால் வாங்கியதே வீண். தலைகீழாகவும் நடக்கும். மெல்லிய பயணக் காலின் மேல் பெரிய 55 மி.மீ. பந்து ஹெட்டை வைத்தால் எடை மேலே ஏறிச் சாயப் பார்க்குமே தவிர உறுதி கூடாது.

பால் ஹெட்டில் கிலோ கணக்கு இன்னும் மோசமாக ஏமாற்றும். பந்தைச் சறுக்க வைப்பது எடை மட்டுமல்ல, எடை பந்தின் மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதும்தான். 4 செ.மீ. தள்ளி நிற்கும் 3 கிலோவைவிட 15 செ.மீ. தள்ளி நீட்டிக்கொண்டிருக்கும் 1 கிலோ பந்தை அதிகமாக முறுக்கும். ஆகவே கடையில் குமிழை இறுக்கிக் கையால் அழுத்திப் பார்த்து அசையவில்லை என்று திருப்தி அடைந்துவிடாதீர்கள். நீளமான லென்ஸை மாட்டுங்கள், லைவ் வியூவில், அதாவது கேமராவின் பின்திரையில், 10 மடங்கு பெரிதாக்கி ஒரு புள்ளியை நடுவில் வையுங்கள், குமிழை இறுக்குங்கள், கையை எடுங்கள். புள்ளி கீழே இறங்கினால் அது தொய்வு. கொஞ்சம்கூடத் தொய்யாத பால் ஹெட் அபூர்வம், ஆனால் இறங்கும் அளவு ஹெட்டுக்கு ஹெட் மிகவும் மாறும். மிக நெருக்கத்தில் மேக்ரோ படம் எடுப்பவர்களை இது பைத்தியமாக்கிவிடும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மேலே வைத்து, இறங்குவதை எதிர்பார்த்து இறுக்க வேண்டியிருக்கும்.

உராய்வைக் கட்டுப்படுத்தும் தனிக் குமிழ் இல்லாத ஹெட்டையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். முதன்மைக் குமிழைத் தளர்த்தியதும் கேமரா சட்டென்று முன்னால் கவிழும், லென்ஸ் காலில் இடிக்கும், விரல் நசுங்கும். உராய்வுக் குமிழை நம் கேமராவின் எடைக்கு ஏற்ப ஒருமுறை வைத்துவிட்டால் முதன்மைக் குமிழ் தளர்ந்திருக்கும்போதும் கேமரா வைத்த இடத்திலேயே ஏறக்குறைய நிற்கும். கையுறை போட்டிருந்தாலும் இருட்டிலும் தடவியே எந்தக் குமிழ் எது என்று தெரிய வேண்டும், எல்லாம் ஒரே அளவில் ஒரே வடிவில் இருந்தால் தவறானதைத் தளர்த்திவிடுவோம். பந்து வழவழப்பாகச் சுழலவில்லை என்று எண்ணெய் விட்டுவிடாதீர்கள், உலர்ந்த உராய்வில்தான் அது பிடித்து நிற்கிறது. சுத்தமான துணியால் துடைத்தால் போதும்.

பிளேட் பற்றி யாரும் யோசிப்பதே இல்லை, ஆனால் அங்கேதான் நிறையப் பேருக்குத் தலைவலி. இப்போது பெரும்பாலான ஹெட்டுகள் ஆர்க்கா ஸ்விஸ் வடிவத்தைப் பின்பற்றுகின்றன, சுமார் 38 மி.மீ. அகலம், சாய்ந்த விளிம்பு. ஆனால் இதுவும் பழக்கத்தில் வந்த அளவுதான், நிறுவனத்துக்கு நிறுவனம் கொஞ்சம் மாறும். திருகி இறுக்கும் கிளாம்ப் இந்த வித்தியாசத்தை விழுங்கிக்கொள்ளும், நெம்புகோல் கிளாம்ப் சில பிளேட்டுகளைத் தளர்வாகப் பிடிக்கும், சிலவற்றில் மூடவே மூடாது. நெம்புகோல் வேண்டும் என்றால் பிளேட்டையும் அதே நிறுவனத்தில் எடுப்பதுதான் நிம்மதி. மான்ஃப்ரோட்டோவின் ஆர்சி2 போன்ற தனி வடிவ ஹெட்டை வாங்கினால் உங்கள் எல்லாப் பிளேட்டும் அதற்கு ஒத்துப்போகுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இரண்டு வகைப் பிளேட்டோடு அலைய வேண்டியிருக்கும். கேமராவின் அடியில் இருப்பது 1/4 அங்குலத் திருகு, காலையும் ஹெட்டையும் இணைப்பது பெரும்பாலும் 3/8 அங்குலத் திருகு. சின்னப் பயண டிரைபாடுகளில் அங்கேயும் 1/4 அங்குலமே இருக்கலாம், அப்போது இடையில் ஒரு மாற்றுத் திருகு தேவைப்படும். கேமரா துளையின் ஆழத்தைவிட நீளமான திருகை விசைபோட்டு முறுக்கினால் உடம்பின் உள்பகுதி சேதமாகும், இது மிக எளிதாகத் தவிர்க்கக்கூடிய இழப்பு.

செங்குத்துப் படத்துக்காகப் பந்தைப் பக்கவாட்டுப் பள்ளத்தில் சாய்ப்பதும் ஒரு பழக்கம்தான், ஹெட்டில் அந்தப் பள்ளம் அதற்குத்தான் இருக்கிறது. ஆனால் சாய்த்ததும் கேமராவின் எடை முழுவதும் ஒரு பக்கம் தொங்கும், பிளேட் மெல்லத் திரும்பும், சட்டகத்தை முழுவதும் மறுபடி அமைக்க வேண்டும். செங்குத்துப் படம் நிறைய எடுப்பவர் என்றால் உங்கள் கேமரா மாடலுக்கென்றே செய்த எல் வடிவ பிளேட் வாங்குங்கள், கேமராவைக் கழற்றித் திருப்பி மாட்டினால் எடை பந்தின் நேர் மேலேயே இருக்கும். கனமான டெலி லென்ஸில் காலர் இருந்தால் கேமராவை விட்டுவிட்டு அந்தக் காலரை ஹெட்டில் மாட்டுங்கள். கேமராவில் மாட்டினால் முன்பாரம் ஹெட்டோடு நிற்காது, லென்ஸ் மவுண்டையும் இழுக்கும்.

பால் ஹெட் எல்லாவற்றுக்கும் ஏற்றதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வீடியோவில் மெல்ல நகர்த்த வேண்டும் என்றால் ஃப்ளூயிட் ஹெட், பறக்கும் பறவைகளைக் கனமான லென்ஸில் துரத்தினால் கிம்பல், கட்டடங்களுக்கும் மேசைமேல் பொருள்களுக்கும் ஒவ்வொரு திசையையும் தனித்தனியாக அசைக்கும் பல்சக்கர ஹெட். பனோரமா எடுப்பவர்கள் அடிக்கடி ஒன்றை மறந்துவிடுகிறார்கள். சாதாரண பால் ஹெட்டில் சுழலும் பகுதி பந்துக்குக் கீழே இருக்கிறது, கால்கள் மட்டமாக இல்லாவிட்டால் பந்தை எவ்வளவு சரிசெய்தாலும் சுழற்றும்போது தொடுவானம் சாய்ந்துகொண்டே போகும். கிளாம்பே சுழலும் ஹெட்டையோ, காலுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் வைக்கும் மட்டத் தளத்தையோ எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

கார்பனா அலுமினியமா என்ற சண்டைக்கு நான் அதிக இடம் தரமாட்டேன். கார்பன் ஃபைபர் எடை குறைவு, குளிரில் கையைச் சுடாது, அதிர்வும் பொதுவாகச் சீக்கிரம் அடங்கும், ஆனால் பாறையில் பலமாக இடித்தால் விரிசல் விடலாம். அலுமினியம் நசுங்கும், கடல் உப்பில் அரிக்கும், விலை குறையும். நீண்ட நடைக்குப் போகாதவர், மெலிந்த கார்பனைவிடப் பருத்த அலுமினியத்தை எடுப்பது புத்திசாலித்தனம். கால் பூட்டில் திருகி இறுக்கும் வகையா தட்டி மூடும் வகையா என்பது பழக்கம், ஆனால் மணலிலும் சேற்றிலும் நிற்பவர்கள் கருவி இல்லாமலே பிரித்துக் கழுவ முடியுமா என்று பாருங்கள்.

நல்லதாகவே வாங்கி விட்டு, பிறகு பயன்படுத்துவதில் கெடுப்பதும் உண்டு. ஆடாமல் நிற்பதற்காக டிரைபாடின் கொக்கியில் தொங்கவிட்ட பை காற்றில் ஊஞ்சலாடினால் அதுவே டிரைபாடை ஆட்டும், பை தரையை லேசாகத் தொடும்படி தொங்கவிடுங்கள். சரிவில் இரண்டு கால் கீழ்ப்பக்கம் இருக்கட்டும். லென்ஸில் கை நடுக்கத்தைச் சமன் செய்யும் நிலைப்படுத்தும் வசதி இருந்தால், பழைய லென்ஸ்களில் அணைத்துவிடுங்கள், புதியவை சில டிரைபாடைத் தானே உணரும். ஷட்டரை விரலால் அழுத்தாமல் 2 விநாடி டைமரையோ ரிமோட்டையோ பயன்படுத்துங்கள்.

திருப்பித் தரும் காலம் முடிவதற்குள் வீட்டிலேயே ஒரு சோதனை செய்துவிடுங்கள். கால்களை வழக்கமாக வேலை செய்யும் உயரத்துக்கு நீட்டி, நீளமான லென்ஸை மாட்டி, தூரத்தில் ஒரு எழுத்தை லைவ் வியூவில் பெரிதாக்கி, லென்ஸின் நுனியை விரலால் லேசாகத் தட்டி எண்ணுங்கள். நல்ல அமைப்பில் எழுத்து ஒன்று எண்ணுவதற்குள் நின்றுவிடும், நான்கு ஐந்து எண்ணியும் நடுங்கிக்கொண்டிருந்தால் அடுக்குகளை ஒவ்வொன்றாக இறக்கி, நடுத்தண்டை இறக்கி, பிளேட்டை இறுக்கி மறுபடி தட்டிப் பாருங்கள். எதை மாற்றியதும் நடுக்கம் குறைகிறதோ, பலவீனம் அங்கேதான். அடுத்து பணம் போட வேண்டிய இடமும் அதுதான், பிளேட்டை மாற்றினாலே சரியாகிவிடும் என்றால் மொத்த டிரைபாடையும் மாற்ற வேண்டியதில்லை.