ஆக்சிலேட்டரை மிதித்தால் ஊளைச் சத்தம்: என் அனுபவம்

என் காரில் ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்த ‘ஙொய்ங்’ என்று சத்தம் ஏறும், காலை எடுத்தால் இறங்கும். மெக்கானிக் ஒருவர் கேட்டதுமே “கியர் பாக்ஸ் இறக்கணும் சார்” என்றார். அவ்வளவு அவசரம் எனக்கில்லை.

வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் ஆக்சிலேட்டர் கொடுத்துப் பார்த்தேன். அதே சத்தம். அப்படியென்றால் வீல் பேரிங் இல்லை. கிளட்சை மிதித்துப் பிடித்தும் மாறவில்லை. கியர் பாக்ஸ் மீதும் சந்தேகம் குறைந்தது. ஹெட்லைட், ஏசி ஃபேன், பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாம் போட்டதும் ஊளை கொஞ்சம் தடித்தது. மின்சாரம் தயாரித்து பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டருக்குச் சுமை ஏறினால் இப்படி ஆகும்.

அப்புறம் ஆல்டர்னேட்டரை ஓட்டும் பெல்ட்டைக் கழற்றிவிட்டு இன்ஜினை ஓடவிட்டேன். நிசப்தம்! (வாட்டர் பம்ப்பும் அந்த பெல்ட்டில்தான் ஓடுகிறது என்றால் அரை நிமிடத்துக்கு மேல் ஓட்டாதீர்கள், சூடேறிவிடும்.) இன்ஜினை அணைத்து, புல்லிகளை (பெல்ட் ஓடும் சக்கரங்களை) ஒவ்வொன்றாகக் கையால் சுற்றினேன். பெல்ட்டுக்கு வழிகாட்டும் ஐட்லர் புல்லி உரசலே இல்லாமல் சுற்றியது. ஆல்டர்னேட்டர் புல்லியில் மட்டும் மணல் அரைபடுவது போல விரலில் நெருடல்.

பேட்டரி நெகட்டிவ் வயரை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டரைக் கழற்றி, ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுத்தேன். முன்பக்க பேரிங்கில் 6303 என்று அதன் அளவைக் குறிக்கும் எண் பொறித்திருந்தது. உள்ளே கிரீஸ் காய்ந்து கருகியிருந்தது. பின்பக்க பேரிங்கையும் சேர்த்தே மாற்றச் சொன்னேன், திரும்பக் கழற்றுவது யார்?

மாட்டியதும் ஊளை போய்விட்டது. பெல்ட்டை மட்டும் அளவோடு இறுக்குங்கள். முறுக்கிக் கட்டினால் புது பேரிங்கும் சீக்கிரம் போய்விடும்.