பதினொருவருக்கு எதிரே ஒருவர்: ‘12 ஆங்ரி மென்’ படத்திலிருந்து கூட்ட அரசியல் கற்பது எப்படி

சிட்னி லூமெட் இயக்கி 1957-இல் வந்த இந்தப் படத்தை மனசாட்சியின் வெற்றி என்று புகழ்வார்கள். ஆனால் சங்கத்திலோ நிர்வாகக் குழுவிலோ உட்காருபவர் முதலில் கவனிக்க வேண்டியது விதியை. ஒரு பையன் மீதான கொலை வழக்கில், தீர்ப்புச் சொல்ல அமர்த்தப்பட்ட பொதுமக்களான 12 ஜூரர்களில் 11 பேர் ‘குற்றவாளி’ என்கிறார்கள். ஹென்றி ஃபோண்டா நடித்த 8-ஆம் ஜூரர் மட்டும் மறுக்கிறார். தீர்ப்பு ஏகமனதாக இருந்தாக வேண்டும் என்பதால்தான் அவருடைய ஒற்றை வாக்குக்கு மதிப்பு. பெரும்பான்மை போதும் என்றிருந்தால் முதல் வாக்கெடுப்போடு எல்லாம் முடிந்திருக்கும்.

ஆகவே கூட்டத்துக்குப் போகுமுன் விதிமுறையைப் படியுங்கள். தீர்மானம் நிறைவேற எத்தனை வாக்கு வேண்டும்? ரகசிய வாக்கெடுப்பை யார் கோரலாம்? ஒத்திவைக்க வழி உண்டா? சாதாரணப் பெரும்பான்மை போதுமென்றால், கூட்டத்தில் தனியாக எழுந்து நிற்பது பதிவுக்கு மட்டுமே உதவும். உறுப்பினர்களை முன்கூட்டியே சந்தித்துப் பேசிவிட வேண்டும்.

முதல் வாக்கெடுப்பின்போது மற்றவர்களின் கைகளைப் பாருங்கள். படத்தில் சில கைகள் சட்டென உயர்கின்றன. மற்றவை அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெல்ல உயர்கின்றன. நீங்கள் பேச வேண்டியது அந்தத் தயங்கிய கைக்காரர்களிடம். உரக்கக் கத்துகிறவரை முதலில் மாற்றப் பார்ப்பதுதான் பலரும் செய்யும் தவறு. எல்லோர் முன்னாலும் வாதத்தில் இறங்கியவர் பின்வாங்க மாட்டார்.

கோரிக்கை சிறியதாக இருக்கட்டும். பையன் நிரபராதி என்று 8-ஆம் ஜூரர் எங்கும் அடித்துச் சொல்வதில்லை. தெரியவில்லை, பேசிப் பார்ப்போம், ஒரு மணி நேரம் கொடுங்கள் என்கிறார். முடிவை மாற்றச் சொன்னால் மறுப்பவர்கள்கூட நேரம் கேட்டால் மறுக்கத் தயங்குவார்கள்.

படத்தின் மிகத் துணிச்சலான அரசியல் நகர்வு ரகசிய வாக்கெடுப்பு. தான் வாக்களிக்கப் போவதில்லை, மற்ற 11 பேரும் ‘குற்றவாளி’ என்று எழுதினால் தானும் ஒத்துக்கொள்கிறேன் என்கிறார். ஒரு சீட்டு மாறி வருகிறது. அவர் அதைக் கேட்ட நேரத்தைக் கவனியுங்கள்: இதுபோல் வேறொன்று கிடைக்காது என்று சொல்லப்பட்ட கொலைக் கத்திக்கு இணையான இன்னொன்றை மேசையில் குத்திக் காட்டிய பிறகே கேட்கிறார். சந்தேகம் விழுமுன் கேட்டிருந்தால் 11 சீட்டும் ஒன்றாகவே வந்திருக்கும். இன்னொருமுறை கையைத் தூக்கச் சொல்லியிருந்தால் சீட்டை மாற்றி எழுதிய 9-ஆம் ஜூரரான முதியவர் துணிந்திருப்பாரா என்பதும் சந்தேகமே.

(கத்தியை மட்டும் பின்பற்றாதீர்கள். ஜூரர் தானாக வெளியே போய் ஆதாரம் தேடுவது விதிமீறல். உங்கள் குழுவிலும், விதிக்குப் புறம்பாகக் கொண்டுவந்த ஆவணம் உங்கள் வாதம் முழுவதையும் கெடுத்துவிடும்.)

அடுத்து, வாதிடுவதைக் குறைத்து அளந்து காட்டுங்கள். காலை இழுத்து நடக்கும் கிழவர் 15 வினாடியில் கதவருகே வந்தேன் என்று சாட்சி சொல்லியிருக்கிறார். வீட்டு வரைபடத்தை வைத்து நடந்து பார்த்தால் 41 வினாடி ஆகிறது. கடிகாரத்தைப் பார்ப்பவர் வேறொரு ஜூரர் என்பது முக்கியம். கணக்கை மற்றவர் கையில் கொடுத்துவிட்டால், வரும் விடை அவருடையதாகவும் ஆகிவிடும்.

பக்கம் மாறி வருகிறவரிடம் காரணம் கேளுங்கள். பேஸ்பால் ஆட்டத்துக்குப் போகும் அவசரத்தில் 7-ஆம் ஜூரர் மாறும்போது, அவரை உலுக்கிக் காரணம் கேட்பவர் ஏற்கெனவே மாறிவிட்ட 11-ஆம் ஜூரர். தன் பக்கம் சேர்ந்த வாக்கையே அவர் விசாரிக்கிறார்! அந்த விசாரணை ஏன் தேவை என்பதைப் பிறகு 12-ஆம் ஜூரர் காட்டுகிறார்: உறுதியில்லாமல் வந்தவர் ஒரு கேள்வியிலேயே திரும்பிப் போக, ‘குற்றவாளி அல்ல’ என்போர் பக்கம் 9–3 என்றிருந்தது 8–4 ஆகிறது.

இரண்டாம் முறை பார்க்கும்போது காகிதமும் பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள். ‘குற்றவாளி’ என்போர் எண்ணிக்கை 11, 10, 9, 8, 6, 5, 3, 4, 1, 0 என்று போகும். ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே யார் மாறினார், அதற்குச் சற்று முன் பேசியது யார், வாக்கெடுப்பைக் கோரியது யார் என்று மூன்றையும் எழுதுங்கள்.