கச்சேரி முடிந்தபின் ராக் பாடகரைச் சந்திக்க விரும்புவோருக்கு

வாஷிங்டன் நகரின் நைன் தர்ட்டி கிளப்பைப் போல ஏறத்தாழ 1,200 பேர் நின்று கேட்கும் அரங்கானாலும், மினியாப்பொலிஸ் நகரில் ஃபர்ஸ்ட் அவென்யூ என்ற அரங்கை ஒட்டியுள்ள, சுமார் 250 பேரே கொள்ளும் செவன்த் ஸ்ட்ரீட் என்ட்ரி என்ற சிறிய அரங்கானாலும், ஆல்டர்நேட்டிவ் ராக் கலைஞர்களைச் சந்திக்கப் பின்வாசலில் காத்துக்கிடப்பதைவிட டீ-ஷர்ட்டும் இசைத்தட்டும் விற்கும் மேசையருகே நிற்பதே மேல். நிகழ்ச்சி தொடங்குமுன் அங்கே ஏதேனும் வாங்கும்போதே, பாடகர் பின்னர் அங்கு வருவாரா என்று விற்பனையாளரிடம் கேட்டுவிடலாம். முதலில் வாசிக்கும் சிறிய குழுவினர் பல நேரங்களில் தாங்களே நின்று விற்பதால், அவர்களிடம் பேசுவது இன்னும் எளிது.

கையெழுத்து வாங்க நீங்களே பேனா கொண்டுசெல்லுங்கள். இசைத்தட்டின் உறை கறுப்பாக இருந்தால் வெள்ளி நிறப் பெயின்ட் மார்க்கர்தான் வேண்டும். அதன் முனையில் மை இறங்கும்வரை ஒரு தாளில் அழுத்திப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். பளபளப்பான உறையில் எழுதியதை உடனே பைக்குள் செருகினால் மை இழுவிவிடும் என்பதால், சில நிமிடங்கள் உலர விடுவது அவசியம். உங்கள் பெயரைத் துண்டுத் தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டுங்கள். அந்த இரைச்சலில் எழுத்துக்கூட்டிச் சொல்லி மாளாது.

100 டெசிபல் ஒலியை ஒரு நாளில் 15 நிமிடங்களுக்கு மேல் கேட்கக் கூடாதென அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் தொழிலாளர்களுக்குப் பரிந்துரைக்கிறது. ராக் அரங்குகளில் ஒலி அந்த அளவை எளிதில் தொடும். ஆகவே காதடைப்பான் அணிந்துகொள்ளுங்கள். பாடகர் பேசுவது பிறகு காதில் விழ வேண்டுமே!