மும்மணி ஆராதனை: ஏழு வார்த்தை, ஏழு பாட்டு, நடுவில் கொஞ்சம் அமைதி

சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளையும் ஒவ்வொன்றாகத் தியானித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பாட்டுப் பாடுவதுதான் மும்மணி ஆராதனை. பெரிய வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குத் தொடங்கி மூன்று மணிக்கு முடிய வேண்டிய இந்த ஆராதனை பல சபைகளில் மூன்றரைக்குத்தான் முடிகிறது. காரணம் எல்லாருக்கும் தெரியும், ஆனால் யாரும் செய்தி கொடுப்பவரிடம் போய்ச் சொல்வதில்லை. நேரம் போய்விட்டால் வெட்டு விழுவது பாட்டுக்குத்தான். ஒரு வருஷம் எங்கள் கொயர் (பாடகர் குழு) இரண்டு மாதம் பயிற்சி செய்த இரண்டு பாட்டுகளைப் பாடாமலே வீட்டுக்குப் போனோம், ஏனென்றால் நான்காம் வார்த்தைக்கு வந்தவர் நாற்பது நிமிஷம் பேசிவிட்டார். அதற்கப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்தேன்.

மொத்தம் 180 நிமிஷம். ஆரம்ப ஜெபம், பாமாலைக்கு 12, கடைசிக்கு 14 எடுத்து வைத்துவிட்டால் மீதி 154, ஒரு வார்த்தைக்கு 22 நிமிஷம். அதில் வேத வாசிப்பு 1, தியானம் 12, அமைதி 2, பாட்டு 5, ஜெபம் 2. இதை அப்படியே ஒரு தாளில் எழுதி, செய்தி கொடுக்கும் ஏழு பேருக்கும் ஒரு மாதம் முன்னாலேயே கொடுங்கள், ஐயர் (சபைப் போதகர்) கையால் கொடுத்தால் இன்னும் நல்லது. 12 நிமிஷம் போதுமா என்று கட்டாயம் கேட்பார்கள். ஒரு வசனத்தில் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லத் தாராளமாகப் போதும், ஆதியாகமத்திலிருந்து தொடங்கினால்தான் போதாது.

பாட்டு என்பது வெறும் இடைவேளை அல்ல என்பதைக் கொயரும் சரி, பேசுகிறவரும் சரி, முதலில் நம்ப வேண்டும். இந்த மும்மணி வழக்கம் பெரு நாட்டின் லிமா நகரில் இயேசு சபைக் குருக்கள் வளர்த்தெடுத்தது, பிறகு ஆங்கிலிக்கன் சபைக்குள் வந்து நம் வரைக்கும் வந்து சேர்ந்தது. 1780களில் ஸ்பெயினின் காடிஸ் நகரத்துக்காக ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடன் இதற்கு இசை எழுதினார். பேராயர் பிரசங்க பீடத்தில் ஏறி ஒரு வார்த்தையைச் சொல்லி, அதைத் தியானித்துப் பேசி, இறங்கி வந்து பீடத்துக்கு முன் முழங்கால் போடுவார், அந்த நேரத்தை இசை நிரப்பும். முதலில் வாத்தியங்கள் மட்டும்தான், பாடகர் குழுவுக்கு ஏற்றபடி அவரே பின்னால் மாற்றிக் கொடுத்தார். பேசினவரே முழங்காலில் இருந்து இசையைக் கேட்கிறார் பாருங்கள், நம் ஊரில் பேசி முடித்தவர் அடுத்த பாட்டுக்குள் பக்கத்தில் இருப்பவரிடம் தண்ணீர் கேட்டுக்கொண்டிருப்பார்.

பாட்டு தேர்ந்தெடுக்கும்போது ஏழையும் சோகமாகவே எடுத்துவிடாதீர்கள். ஆறாம் வார்த்தை ‘முடிந்தது’ என்பது நம் காதில் ‘கதை முடிந்தது’ மாதிரி விழுகிறது, ஆனால் பொருள் அதுவல்ல, கத்தோலிக்கர் பயன்படுத்தும் மொழிபெயர்ப்பில் ‘எல்லாம் நிறைவேறிற்று’ என்று இருக்கிறது. அதனால் அந்த இடத்தில் நான்கு குரலும் நிமிர்ந்து நிற்கிற பாட்டு வேண்டும், பேஸ் (ஆண்களின் கீழ்க்குரல்) நன்றாகக் கேட்க வேண்டும். ‘என்னை ஏன் கைவிட்டீர்’ என்று கேட்கிற நான்காம் வார்த்தைக்கு நேர் எதிராகச் செய்வேன்: கீபோர்டு கிடையாது, பார்ட்ஸ் (தனித்தனிக் குரல் பகுதிகள்) கிடையாது, ஒரே ஒரு குரல், கீர்த்தனை ஒன்றின் பல்லவியும் ஒரு சரணமும், அவ்வளவுதான். கைவிடப்பட்டவனின் கேள்விக்குப் பின்னால் முப்பது பேர் சேர்ந்து முழங்கினால் எனக்கு ஒட்டவில்லை. முதல் வார்த்தைக்குச் சபை முழுவதும் அறிந்த பாமாலை போடுங்கள், ஜனங்கள் வாய் திறந்துவிட்டால் மூன்று மணி நேரமும் கூடவே வருவார்கள்.

இனி நடைமுறைச் சங்கடங்கள். பாதிப் பேர் உபவாசம், மார்ச் ஏப்ரல் வெயில், ஒன்றரை மணிக்கு மேல் கொயரின் சுருதி தானாக இறங்கும், முதலில் சோப்ரானோ (பெண்களின் மேல்குரல்) இறங்கும், மற்றவர்கள் மரியாதையாகப் பின்னால் போவார்கள். ‘தாகமாயிருக்கிறேன்’ என்ற ஐந்தாம் வார்த்தைக்கு வரும்போது எல்லாருக்கும் நிஜமாகவே தொண்டை காய்ந்திருக்கும். பெஞ்சுக்கு அடியில் வெதுவெதுப்பான தண்ணீர் வையுங்கள், உபவாசக்காரர்களிடம் வாயாவது நனைக்கச் சொல்லுங்கள். வாத்தியம் இல்லாத பாட்டுகளை இரண்டாம் மணி நேரத்துக்குத் தள்ளினால் வழக்கத்தைவிட அரை சுரம் கீழேயே எடுங்கள். கரண்ட் போகும் என்று எடுத்துக்கொண்டு பழைய ஆர்மோனியத்தைத் துடைத்துத் தயாராக வையுங்கள்.

தியானம் முடிந்ததும் இரண்டு நிமிஷ அமைதியைக் காப்பதுதான் இருப்பதிலேயே கஷ்டம். நாற்பது நொடியில் யாராவது இருமுவார்கள், கீபோர்டு வாசிப்பவர் பயந்துபோய் மெல்ல ஒரு கார்டு (சேர்ந்தொலிக்கும் சில சுரங்கள்) பிடிப்பார். வேண்டாம். கடிகாரம் பார்க்க ஒருவரை வையுங்கள், அவர் தலையசைத்த பிறகே கொயர் எழட்டும், அதுவும் பைல் திருப்பும் சத்தம் இல்லாமல், பக்கங்களை முன்கூட்டியே வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டு. சுருதியை மௌத் ஆர்கன் மாதிரி எல்லாருக்கும் ஊதிக் காட்டாமல், பார்ட் தலைவர்கள் நாலு பேர் காதில் மட்டும் கொடுத்தால் போதும்.

ஏழாம் வார்த்தையின் பாட்டும் முடிவு ஜெபமும் ஆனதும் எதுவும் வாசிக்க வேண்டாம் என்று கீபோர்டுக்காரரிடம் முந்தின நாளே சொல்லி வையுங்கள், ஜனங்கள் வெளியே போகும்போது வாசித்தே பழகிய கை அது. சுவிட்சை அணைத்துவிட்டு அவரும் எழுந்து போகட்டும். வெளியே கஞ்சி ஊற்றும் இடத்தில் கொயருக்கு முதலில் கொடுக்கச் சொல்லி இருந்தால் அடுத்த வருஷம் பயிற்சிக்கு ஆள் நிச்சயம் வரும்.